சுயசேவை பில் கவுன்ட்டர் நின்றுபோனால்: அறிகுறியை வைத்துக் காரணம் அறியும் வழி

சுயசேவை பில் கவுன்ட்டரில் வரும் கோளாறுகளில் பல சில விநாடிகளில் தீரக்கூடியவை. அவற்றைப் பெரிதாக்குபவை திரையில் வரும் வாசகங்கள்தாம். "எதிர்பாராத பொருள்", "அனுமதி தேவை", "ஊழியர் வரும் வரை காத்திருக்கவும்" என்று இயந்திரம் உரக்கச் சொல்லும்போது, நேர்மையாகப் பொருள் வாங்க வந்தவருக்கும் முகம் சுண்டிவிடுகிறது. பின்னால் வரிசை நீள்கிறது. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்துகிறோம். சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகம் உங்களைப் பற்றியது அல்ல. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு சென்சார் எதிர்பார்த்த மதிப்பு ஒன்று, அதற்குக் கிடைத்த மதிப்பு வேறொன்று. எந்த சென்சார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு விதி. இந்த இயந்திரத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: ஸ்கேன் செய்வது, எடை சரிபார்ப்பது, பணம் கட்டுவது. முதல் இரண்டு கட்டங்களில் ஒரு செயலை மறுபடி செய்து பார்ப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. மூன்றாவது கட்டத்தில் அப்படி இல்லை. அங்கே எதையும் இரண்டாம் முறை செய்வதற்கு முன் முதல் முறை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும்.

தலைக்கு மேலே கம்பத்தில் இருக்கும் விளக்கையும் கவனியுங்கள். நிறங்களின் பொருள் கடைக்குக் கடை மாறும். ஆனால் விளக்கு மினுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் ஊழியரின் மேற்பார்வைத் திரைக்கும் செய்தி போயிருக்கும். ஊழியரைக் கூவி அழைக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

அறிகுறி: திரையைத் தொட்டால் அசைவில்லை

இப்போது பரவலாக உள்ள தொடுதிரைகள் விரலின் மின்னேற்றத்தை உணர்பவை. கையுறை போட்டிருந்தாலோ விரல் ஈரமாக இருந்தாலோ அவை தடுமாறும். விரலைத் துடைத்துவிட்டு, நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் அழுத்துங்கள். சில பழைய திரைகள் சட்டத்தின் ஓரங்களிலிருந்து பாயும் அகச்சிவப்புக் கதிர்கள் தடைபடுவதை வைத்துத் தொடுதலைக் கணிக்கின்றன. அவற்றில் ஓரத்தில் படிந்த அழுக்கோ, ஒட்டிய ஸ்டிக்கரோ, உங்கள் சட்டைக் கையோ போதும், திரை குழம்பிவிடும்.

ஓரிடத்தில் தொட்டால் வேறோர் இடம் இயங்குகிறது என்றால் திரையின் அளவீடு விலகியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு இயந்திரத்துக்குப் போய்விடுங்கள். தொகையை உறுதி செய்யும் கட்டத்தில் இந்த விலகல் தவறான பொத்தானை அழுத்திவிடும்.

திரையில் ஓடும் விளம்பரமோ கடிகாரமோ அப்படியே உறைந்து நிற்கிறது என்றால் மென்பொருள் நின்றுவிட்டது. ஊழியர் அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். ஸ்கேன் செய்தவை வீணாகிவிடுமே என்று அங்கேயே நிற்காதீர்கள். பாதியில் நின்ற பில்லை இன்னொரு கவுன்ட்டரில் மீட்டெடுக்கும் வசதி பல கடைகளின் மென்பொருளில் உண்டு. "இந்தப் பில்லை வேறு கவுன்ட்டருக்கு மாற்ற முடியுமா?" என்று ஊழியரிடம் கேளுங்கள்.

இந்த இயந்திரங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கணினிதான்; அதுவும் சில வேளைகளில் மிகப் பழையது. வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. கடைக் கல்லாக்களுக்கென்றே அதன் அடிப்படையில் உருவான போஸ்ரெடி 2009 பதிப்புக்கு 2019 ஏப்ரல் வரை ஆதரவு நீண்டது. கல்லா இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் நெடுங்காலம் மாற்ற மாட்டார்கள். உங்கள் விரலின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கத் திணறுவதில் வியப்பில்லை. ஒரு பொத்தானை அழுத்தியபின் திரை மாறும்வரை பொறுங்கள்; தாமதமாகும்போது மீண்டும் மீண்டும் அழுத்தினால் அத்தனை அழுத்தங்களும் வரிசையில் நின்று, அடுத்த திரையில் போய் விழும்.

அறிகுறி: பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை

பார்கோடு கடைக் கல்லாவுக்கு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ட்ராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் முதன்முதலில் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றே: ஒளி பட்டு, வெள்ளை இடைவெளிகளில் திரும்பி வருகிறது, கறுப்புக் கோடுகளில் மங்குகிறது. ஆகவே ஸ்கேன் ஆகவில்லை என்றால் ஒளி சரியாகத் திரும்பவில்லை என்று பொருள். ஏன் திரும்பவில்லை என்று பாருங்கள்.

முதலில் பளபளப்பு. வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் ஒளி நேரே எதிரொளித்து ஸ்கேனரின் கண்ணைக் கூசச் செய்யும். பொருளைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். அடுத்தது சுருக்கம்: உறையை இரு கைகளாலும் இழுத்து, கோடுகளைத் தட்டையாக்குங்கள். குளிர்ந்த பொருளாக இருந்தால் மேலே படிந்த நீர்த்திவலையைத் துடையுங்கள். உருளை வடிவச் சிறு டப்பாவில் கோடுகள் வளைவைச் சுற்றி ஓடினால் ஓரக் கோடுகள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கண்ணாடிக்கு மேலே டப்பாவை மெல்ல உருட்டினால் கிடைக்கும். கண்ணாடியே அழுக்காக இருப்பதும் உண்டு. ஒரு துணியோ காகிதமோ கொண்டு துடைப்பதில் தவறில்லை.

கோடுகளின் இரு புறமும் வெற்றிடம் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பதின்மூன்று இலக்க பார்கோட்டில், மிக மெல்லிய கோட்டின் அகலத்தைப்போல் இடப்புறம் 11 மடங்கும் வலப்புறம் 7 மடங்கும் வெற்றிடம் விட வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் ஒட்டும் நாடாவோ விலைச்சீட்டோ ஏறியிருந்தால், கோடுகள் முழுதாகத் தெரிந்தும் ஸ்கேன் ஆகாது. உங்கள் விரல் அந்த ஓரத்தை மறைத்தாலும் இதே கதைதான். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்குச் சிவப்பு மையில் அச்சிட்ட கோடுகள் வெள்ளையாகவே தெரியும். அப்படி அச்சிட்ட உறை என்றால் உங்களால் செய்யக்கூடியது எண்ணைத் தட்டச்சு செய்வது மட்டுமே.

தட்டச்சு செய்யும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதின்மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கம் கோடுகளுக்கு வெளியே இடப்புறம் தனியாக நிற்கும். பன்னிரண்டு இலக்க எண்ணிலோ முதலும் கடைசியும் இரு ஓரங்களிலும் சிறியதாக நிற்கும். அவற்றை விட்டுவிட்டால் எண் செல்லாது. கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். பதின்மூன்று இலக்க எண்ணில் இடமிருந்து ஒற்றை இடங்களை 1ஆலும் இரட்டை இடங்களை 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் பத்தின் மடங்காக வர வேண்டும். ஓர் இலக்கத்தைத் தவறாக அழுத்தினால் இந்தக் கணக்கு கட்டாயம் பிசகும், இயந்திரம் ஏற்காது. எனவே எண் மறுக்கப்பட்டால் பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் இலக்கங்களை ஒருமுறை நிதானமாகச் சரிபாருங்கள்.

உறையில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் இருந்தால் எது என்று பார்த்துக் காட்டுங்கள். மின்சாதனப் பெட்டிகளில் வரிசை எண்ணுக்கும் பார்கோடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் கல்லா விழிக்கும். க்யூஆர் குறியீடும் அப்படியே; இன்றைய உறைகளில் அது பெரும்பாலும் ஓர் இணையப் பக்கத்துக்கான வழி மட்டுமே. 2027 இறுதிக்குள் கல்லாக்கள் க்யூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளையும் படிக்க வேண்டும் என்று பார்கோடு தரத்தை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அதுவரை கோடுகளையே தேடுங்கள். பல பொருள்களை ஒன்றாகக் கட்டிய பொதியில் உள்ளே இருக்கும் தனிப்பொருளின் கோடு தெரிந்தால் அதைக் கையால் மறையுங்கள். விலை குறைத்து ஒட்டிய புதிய சீட்டு இருந்தால் அதை மட்டும் காட்டுங்கள். பழைய கோடு எங்காவது எட்டிப்பார்த்தால் முழு விலை ஏறிவிடும்.

"பீப்" ஒலி வந்தும் "பொருள் பட்டியலில் இல்லை" என்று வந்தால் ஸ்கேனர் தன் வேலையைச் செய்துவிட்டது. கடையின் தரவுத்தளத்தில்தான் குறை. பத்து முறை காட்டினாலும் பயனில்லை, ஊழியரை அழையுங்கள்.

ஒரே பொருள் இருமுறை ஏறிவிட்டதா? கண்ணாடிக்கு மேல் அதிக நேரம் பிடித்திருந்தால் இப்படி நேரும். ஒலி கேட்டவுடன் பொருளை அகற்றுங்கள். ஏறியதை நீக்கப் பல கடைகளில் ஊழியரின் அனுமதி வேண்டும், ஏனெனில் பில்லிலிருந்து பொருளை நீக்குவது ஏமாற்றுக்கு எளிய வழி என்று கடை அஞ்சுகிறது. அவர் வரும்வரை பிற பொருள்களைத் தொடரலாம். பணம் கட்டுவதற்கு முன் நீக்கினால் போதும்.

அறிகுறி: "பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள்"

மக்களை மிக அதிகமாக எரிச்சலூட்டும் வாசகம் இதுதான். எரிச்சல் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

நடப்பது இது. பை வைக்கும் தட்டுக்கு அடியில் எடையை உணரும் உலோகத் தண்டுகள் உள்ளன. எடை ஏறினால் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது; அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது; அதை எடையாகக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் ஸ்கேன் செய்த ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு எடை, இவ்வளவு கூடுதல் குறைவு பரவாயில்லை என்று தரவுத்தளத்தில் பதிவு உண்டு. தட்டில் கூடிய எடை அந்த எல்லைக்குள் வராவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். அதற்குப் பொருள் எது என்று தெரியாது. அதன் உலகத்தில் எடை ஒன்றே உண்டு.

எனவே முதலில் கையை எடுங்கள். உங்கள் முழங்கை, தோள்பையின் வார், தட்டின் விளிம்பில் கைவைத்து நிற்கும் குழந்தை என எல்லாமே எடைதான். துலாத்தட்டின் முள் ஆடி அடங்கும்வரை காத்திருப்பதுபோல இரண்டு மூன்று விநாடி எதையும் தொடாமல் நில்லுங்கள். பல வேளைகளில் எச்சரிக்கை தானாகவே மறையும்.

மறையவில்லை என்றால் கடைசியாக வைத்த பொருளை மட்டும் எடுங்கள். எச்சரிக்கை போய்விட்டால் அந்தப் பொருளில்தான் சிக்கல். அதைத் தட்டின் நடுவில், பக்கச் சுவரில் சாயாதபடி, மெதுவாக மறுபடி வையுங்கள். உயரமான பொருள் பக்கவாட்டுப் பலகையில் சாய்ந்தால் அதன் எடையில் ஒரு பங்கைப் பலகை தாங்கிக்கொள்ளும். தட்டுக்கு மிச்சமே கிடைக்கும். பையின் ஓரம் தட்டுக்கு வெளியே தொங்கித் தரையிலோ அடுத்த மேடையிலோ பட்டாலும் அப்படித்தான்.

நடுவில் வைத்தும் மறுக்கிறது என்றால், தரவுத்தளத்தில் உள்ள எடை பழையதாக இருக்கலாம். நிறுவனம் உறையை மாற்றியிருக்கும், "கூடுதல் அளவு" என்று சலுகைப் பொதி விட்டிருக்கும். பதிவு மட்டும் மாறாமல் இருக்கும். இதில் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஊழியர் வந்து அனுமதி கொடுத்தால் போதும். அவரிடம் பொருளின் பெயரைச் சொல்லி, "இதன் எடை பொருந்தவில்லை" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் மேலே தெரிவித்தால் அடுத்தவருக்காவது சிக்கல் தீரும்.

"பொருளைப் பையில் வைக்கவும்" என்று நச்சரிப்பது இதன் எதிர்ப்பக்கம். வாழ்த்து அட்டை, உறை, ஒற்றைப் பேனா போன்றவை அந்தத் தட்டு உணரும் அளவுக்குக்கூட எடை இல்லாதவை. விரலால் தட்டை அழுத்தி ஏமாற்றப் பார்க்காதீர்கள். தவறான எடை ஏறி, அடுத்த எச்சரிக்கை உடனே வரும். "பையில் வைக்கவில்லை" என்ற தெரிவு திரையில் இருந்தால் அதை அழுத்துங்கள். பெரிய, கனமான பொருளுக்கும் இதே தெரிவு.

சொந்தப் பை கொண்டுவந்திருந்தால் முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன் "சொந்தப் பை" பொத்தானை அழுத்தி, வெறும் பையை வைத்து, திரை ஏற்கும்வரை பொறுங்கள். பைக்குள் குடையோ தண்ணீர்ப் புட்டியோ கிடந்தால் எடை வரம்பைத் தாண்டிவிடும். அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். பை நிறைந்துவிட்டது, கீழே இறக்கிவைக்கலாம் என்று பாதியில் தூக்கினால் இயந்திரம் உடனே நிற்கும். பணம் கட்டி முடியும்வரை தட்டிலேயே இருக்கட்டும். தட்டு சிறியதாக இருந்தால் "பையை மாற்றுகிறேன்" போன்ற தெரிவு உண்டா என்று பாருங்கள்.

நீங்கள் எதையுமே வைக்கவில்லை, அப்போதே எச்சரிக்கை என்றால்? முன்னவர் விட்டுச்சென்ற பையோ, தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகிய நாணயமோ, பூச்சியத்திலிருந்து விலகிய அளவீடோ காரணமாக இருக்கும். தட்டைப் பார்த்து வெளிப்படையாகக் கிடப்பதை அகற்றுங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள். அன்று முழுவதும் அது இப்படித்தான் நடந்துகொள்ளும்.

எடைச் சரிபார்ப்பைத் தளர்த்தியோ நிறுத்தியோ இயங்கும் கடைகளும் இருக்கின்றன. அது நல்ல முடிவு என்பது என் உறுதியான கருத்து. நிறுத்த மனமில்லாத கடைகள் குறைந்தது வாசகத்தையாவது மாற்றலாம். "எடை பொருந்தவில்லை, கடைசிப் பொருளை எடுத்து மெதுவாக மறுபடி வையுங்கள்" என்று எழுதினால் வாடிக்கையாளருக்கு வழியும் கிடைக்கும், மானமும் காப்பாற்றப்படும். ஒரு வரி மாற்றம்தான். இதை ஏன் இத்தனை ஆண்டுகளாகச் செய்யவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இன்னொரு எடை மேடையும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. காய்கறி, பழம் நிறுக்கும்போது பயன்படுவது ஸ்கேனர் கண்ணாடியோடு சேர்ந்த மேடை. அது விலையைத் தீர்மானிக்கும் தராசு. பொருளை வைப்பதற்கு முன் திரையில் பூச்சியம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வைக்காதீர்கள், அந்த வேறுபாடு உங்கள் காசு. பையின் வாரோ கையோ மேடைமேல் பட வேண்டாம். பழங்களின்மேல் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் நான்கு இலக்க எண் இருந்தால், படங்களைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அதை அப்படியே தட்டச்சு செய்யலாம். முன்னால் 9 சேர்த்து ஐந்து இலக்கமாக இருந்தால் அது இயற்கை முறையில் விளைந்தது, ஐந்தையும் உள்ளிடுங்கள்.

அறிகுறி: "ஊழியர் வரும் வரை காத்திருக்கவும்"

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. வயது வரம்புள்ள பொருள், பாதுகாப்புப் பூட்டு போட்ட பொருள், குலுக்கல் முறையில் வரும் தற்செயல் சோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் இதே வாசகம்தான். தற்செயல் சோதனைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தது மென்பொருள். வந்து நிற்கும் ஊழியர் அல்ல. வயது வரம்புள்ள பொருளை முதலிலேயே ஸ்கேன் செய்துவிட்டால், ஊழியர் வருவதற்குள் மற்றவற்றை முடித்துவிடலாம்.

புதிய இயந்திரங்களில் தலைக்கு மேலே கேமரா இருக்கும். ஒரு பொருள் ஸ்கேன் ஆகாமல் பைக்குப் போனதாகக் கணினிக்குத் தோன்றினால் பில்லை நிறுத்தி, அந்தக் காட்சியைத் திரையில் ஓடவிடும். கையிலிருந்த கைப்பேசியையோ, குழந்தையின் பொம்மையையோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பொருள்களையோ அது தவறாக எண்ணுவதுண்டு. பையைக் கலைத்துக்காட்ட அவசரப்படாதீர்கள். ஊழியர் வந்து காட்சியைப் பார்த்து முடிவு செய்யட்டும். பொருள்களை ஒவ்வொன்றாக, ஒரே கையால், ஒரே திசையில் நகர்த்தினால் இந்தத் தொல்லை குறையும்.

பல இயந்திரங்களுக்கு ஒரே ஊழியர் என்று நிறுத்திவைத்து, எல்லா எச்சரிக்கைகளையும் அவர் தலையில் கட்டுவது நிர்வாகத்தின் ஏற்பாடு. அவர் மீது கோபத்தைக் காட்டுவது அநியாயம். கடைக்காரர்களே இந்த இயந்திரங்களைக் கைவிட்டதும் உண்டு: பிரிட்டனின் பூத்ஸ் நிறுவனம் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இவற்றை அகற்றுவதாக 2023 நவம்பரில் அறிவித்தது.

அறிகுறி: மொத்தத் தொகை சரியாக இல்லை

"இரண்டு வாங்கினால் ஒன்று" போன்ற சலுகைகள் பல கவுன்ட்டர்களில் மொத்தத்தை அழுத்திய பிறகே கழியும். உறுப்பினர் அட்டை காட்டியபின் மட்டும் கழிவதும் உண்டு. அதன் பிறகும் கழியவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். அலமாரிச் சீட்டின் விலையும் கல்லாவின் விலையும் வெவ்வேறாக இருக்கலாம். சீட்டைப் படம் எடுத்து ஊழியரிடம் காட்டுங்கள். கட்டியபின் திரும்பப் பெறுவது இதைவிடப் பல மடங்கு அலைச்சல்.

அறிகுறி: கார்டு ஏற்கப்படவில்லை, அல்லது பணம் போயிற்றா இல்லையா என்று தெரியவில்லை

தொட்டுச் செலுத்தும் கார்டு 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் மட்டுமே பேசும். அலை போன்ற குறி எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே வையுங்கள். அது கருவியின் திரையிலோ, பக்கத்திலோ, மேல் ஓரத்திலோ இருக்கலாம். தொட்டவுடன் எடுத்துவிடாமல் ஒலி வரும்வரை பிடியுங்கள். பணப்பையோடு சேர்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, கருவி குழம்பும். அல்லது நீங்கள் நினைக்காத கார்டிலிருந்து பணம் போகும். எனவே ஒரு கார்டை மட்டும் வெளியே எடுங்கள். திடீரென்று "கார்டைச் செருகவும்" என்று கேட்டால், பின் எண் இல்லாமல் செலுத்தும் எண்ணிக்கையோ தொகையோ வரம்பை எட்டியிருக்கலாம். அது பாதுகாப்பு ஏற்பாடு. செருகிப் பின் எண்ணைக் கொடுத்தால் தீர்ந்தது.

மறுக்கப்பட்டால் சீட்டிலோ திரையிலோ இரண்டிலக்க எண் வருகிறதா பாருங்கள். 51 என்றால் கணக்கில் போதிய பணமில்லை. 54, காலாவதியான கார்டு. 55, தவறான பின் எண். 91 என்றால் உங்கள் வங்கியின் கணினியை எட்ட முடியவில்லை. சற்றுப் பொறுத்து முயலலாம். 05 பொதுவான மறுப்பு, காரணத்தை வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இனித்தான். கார்டு கருவியும் பெரிய திரையும் தனித்தனிச் சாதனங்கள். கார்டு கருவி "ஏற்கப்பட்டது" என்று சொல்லும், பெரிய திரை சுழன்றுகொண்டே இருந்து "தோல்வி" என்று முடியும். வங்கி பணத்தை ஒதுக்கிவிட்டது, பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துபோனது என்பது இதன் பொருளாக இருக்கலாம். பதில் கிடைக்காத கருவி, செலுத்தலை ரத்து செய்யும் செய்தியை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இணைப்பே அறுந்திருந்தால் அந்தச் செய்தியும் தாமதமாகும்.

இந்த நிலையில் கார்டை மறுபடி காட்டாதீர்கள். கார்டு கருவியின் சிறிய திரையைப் படியுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். ஊழியரை அழைத்து, "இந்தச் செலுத்தல் உங்கள் பதிவில் முடிந்திருக்கிறதா?" என்று கேளுங்கள்; மேற்பார்வைத் திரையில் அவரால் பார்க்க இயலும். செலுத்தல் முடிந்திருக்கவில்லை என்று அவர் சொன்னால் தோல்விச் சீட்டை அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி கட்டியே ஆக வேண்டுமென்றால் வேறு வழியில், ரொக்கமாகவோ இன்னொரு கார்டிலோ கட்டுங்கள். பின்னால் எது எந்தப் பணம் என்று பிரித்துக் காட்ட அது உதவும். செயலியில் "நிலுவை" என்று தெரியும் தொகை வெறும் ஒதுக்கீடாக இருந்தால் சில நாள்களில் தானாக விடுபடும். பிடித்தமாகவே பதிவாகிவிட்டால் தேதி, நேரம், கவுன்ட்டர் எண், தோல்விச் சீட்டு ஆகியவற்றோடு வங்கியில் புகார் கொடுங்கள்.

கோளாறு கடையிலேயே இல்லாமலும் போகலாம். 2018 ஜூன் 1 அன்று விசா நிறுவனத்தின் ஐரோப்பியத் தரவு மையம் ஒன்றில் ஸ்விட்ச் எனப்படும் வலையமைப்புக் கருவி ஒன்று பாதி பழுதானதில் 52 லட்சம் செலுத்தல்கள் தோல்வியடைந்தன. கார்டில் பணம் இருந்தும் கல்லா முன்னால் கூனிக் குறுகி நின்றவர்கள் அன்று எத்தனை பேரோ.

ரொக்கத்தில் வரும் சிக்கல்கள் எளியவை. நோட்டைத் திருப்பித் தந்தால் மடிந்த மூலைகளை நீவி, திசை மாற்றிச் செருகுங்கள். ஈரமானது, நாடா ஒட்டியது என்றால் வேறு நோட்டு. பாதியில் சிக்கினால் இழுக்காதீர்கள். கிழிந்தால் இயந்திரமும் பழுதாகும், உங்கள் உரிமையும் சிக்கலாகும். மீதிச் சில்லறை ஓரிடத்திலும் நோட்டுகள் வேறோர் இடத்திலும் வரும்; இரண்டையும் பார்த்துவிட்டு நகருங்கள். மீதி குறைந்தால் அந்த இடத்தை விட்டு அசையாமல், அடுத்தவர் தொடங்குவதற்கு முன் ஊழியரை அழையுங்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற பதிவு இயந்திரத்தில் இருக்கும்.

அறிகுறி: ரசீது வரவில்லை, அல்லது வெள்ளையாக வந்தது

இவை வெப்பத்தால் அச்சாகும் தாள்கள், மை கிடையாது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே பூச்சு உண்டு. சுருளைத் தலைகீழாக மாட்டியிருந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் வரும். ஊழியரிடம் மறு அச்சு கேளுங்கள். ரசீதில் உள்ள குறியீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும் கடைகளில் இதை விட்டுவிட்டு நடக்க முடியாது. உத்தரவாதம் உள்ள பொருளானால் ரசீதை உடனே படம் எடுத்துவையுங்கள். வெப்பத்தாள் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்.

அறிகுறி: பணம் கட்டியும் வாசலில் அலாரம்

பொருளில் ஒட்டிய பாதுகாப்புச் சீட்டு செயலிழக்கவில்லை. 58 கிலோஹெர்ட்ஸ் அல்லது 8.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது வாசல் தூணோடு பேசுகிறது. கவுன்ட்டரில் அதைச் செயலிழக்கச் செய்யும் பட்டை இருக்கும். பொருள் அதன்மேல் படாமல் போயிருக்கலாம். ஓடவோ தயங்கவோ வேண்டாம். அங்கேயே நின்று ரசீதைக் காட்டுங்கள்.

யூனிக்லோ, டெகாத்லான் போன்ற கடைகளில் பார்கோடே காட்டாமல் கூடையைத் தொட்டியில் வைத்தால் போதும். பொருள்களில் உள்ள, ரேடியோ அலையில் பதில் சொல்லும் சீட்டுகளை இயந்திரம் மொத்தமாகப் படித்துவிடும். அங்கே அறிகுறி வேறு: எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். கூடினால் பக்கத்தில் தொங்கும் உங்கள் பையிலோ அடுத்தவர் கூடையிலோ உள்ள சீட்டைப் படித்திருக்கும். குறைந்தால் உலோகமோ திரவமோ ஏதோ ஒரு சீட்டை மறைத்திருக்கும். பொருள்களைப் பரப்பி வைத்து மறுபடி படிக்கவிடுங்கள். பணம் கட்டுமுன் திரையில் காட்டும் எண்ணிக்கையை நீங்களே எண்ணிச் சரிபாருங்கள்.

அறிகுறி: எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன

அக்கம்பக்கம் பாருங்கள். உங்கள் இயந்திரம் மட்டுமா, வரிசை முழுவதுமா, ஆள் இருக்கும் கல்லாக்களுமா? எல்லாமே என்றால் கடையின் சர்வரிலோ இணைப்பிலோ அதற்கும் அப்பாலோ சிக்கல். 2021 ஜூலை தொடக்கத்தில் கசேயா என்ற கணினி மேலாண்மை மென்பொருள் வழியாகப் பரவிய, கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில் சுவீடனின் கூப் நிறுவனத்துக் கல்லாக்கள் முடங்கி, அதன் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கூப் நேரடியாகத் தாக்கப்படவில்லை; அதன் கல்லாக்களைப் பராமரித்த நிறுவனம் வழியாக வந்த வினை அது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் சுயசேவைக் கவுன்ட்டர்களும் அவற்றில் அடக்கம். இத்தகைய நாள்களில் நீங்களோ ஊழியரோ செய்யக்கூடிய பழுதுநீக்கம் எதுவும் இல்லை.

கார்டுகள் மட்டும் இயங்கவில்லை என்றால் ரொக்கம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஸ்கேன் செய்வதே நின்றுவிட்டது என்றால், விலைப்பட்டியலின் நகலைத் தன்னிடமே வைத்திருக்கும் பழைய பாணிக் கல்லா ஏதாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையெனில் குளிர்பதனப் பொருள்களை மட்டும் தனியே எடுத்து ஊழியரிடம் சொல்லி ஒப்படையுங்கள். மற்றவை வண்டியிலேயே இருக்கலாம். நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நின்றுபோயிருந்தால் மட்டும் உடனே கிளம்பாதீர்கள். கவுன்ட்டர் எண்ணையும் நேரத்தையும் தொகையையும் ஊழியர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணினிகள் மறுபடி எழுந்தபின் தேங்கிய செய்திகள் போய்ச் சேரக்கூடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உங்கள் கணக்கைப் பாருங்கள்.